ஏழாம் கட்டிலில் தட்டுகிற சத்தம்

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு நின்று பேச வராது. எழுதித் தருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து. தப்பு இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் பக்கத்திலேயே என் காலம் போய்விட்டது. பாதிக் காலம் தனியார் ஆஸ்பத்திரி. மீதி மேலப்பாளையத்தில் டிரஸ்ட் நடத்துகிற இந்த இலவச டயாலிசிஸ் சென்டர். படுக்கை விரிக்கிறவனாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்து மெஷினுக்கு வந்தேன். நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மெஷினைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் வருகிற எல்லாரும் ஒன்று கேட்பார்கள். தனியாரிலும் இருந்தீர்கள், டிரஸ்டிலும் இருந்தீர்கள், எது நல்லது என்று. எனக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் ஆட்கள் பிழைத்தார்கள். இரண்டு இடத்திலும் செத்தார்கள். சாவுதான் அங்கே வேறு மாதிரி, இங்கே வேறு மாதிரி. அதைச் சொல்கிறேன்.

தனியாரில் ஆளுக்கு ஒரு அறை. இல்லையென்றால் நடுவில் திரை. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. இருமல் கேட்கும், செல்போன் கேட்கும், அவ்வளவுதான். யாராவது போய்விட்டால் பின்பக்க லிப்டில் இறக்குவோம். அந்த லிப்டுக்கு வெளியே பட்டன் கிடையாது. சாவி போட்டுத்தான் திறக்கும். அடுத்த முறை வருகிறவர், திரைக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே இருப்பாரே, அவர் எங்கே என்று கேட்பார். மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்போம். அப்படிச் சொல்லத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் நிறையப் பேர் மதுரைக்குப் போனார்கள். ஒருத்தரும் திரும்பி வரவில்லை. கேட்டவர்களுக்கும் அது தெரியும். கொஞ்ச நாள் கழித்து அவர்களும் மதுரைக்குப் போனார்கள்.

அங்கேதான் திசையன்விளை அண்ணாச்சியைப் பார்த்தேன். பலசரக்கு மொத்த வியாபாரி. பெரிய உடம்பு. வலது கையில் தடித்த கல் மோதிரம். கூப்பிடுகிற மணி தலைமாட்டில் இருந்தாலும் அதைத் தொடமாட்டார். கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டுவார். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. வராந்தா கடைசி வரைக்கும் கேட்கும். ஓடுவோம்.

"ஏலே, கூப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? அங்கன என்ன சினிமாவா ஓடுது?"

குளிர்ந்தால் தட்டுவார். வியர்த்தால் தட்டுவார். தலையணை சரிந்தால் தட்டுவார். அவர் வீட்டம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாலேயே எங்களிடம் மன்னிப்புக் கேட்பார். எங்களுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அங்கே எல்லாரும் ஏசுவார்கள். காசு கொடுக்கிறவன் ஏசத்தான் செய்வான். ஏசுகிறவனுக்கு என்ன செய்கிறது என்று நமக்கு உடனே தெரிந்துவிடும். அதில் ஒரு நன்மை உண்டு. அது அப்போது எனக்குப் படவில்லை.

அண்ணாச்சியும் ஒரு நாள் மதுரைக்குப் போனார். நான்தான் லிப்டுக்குச் சாவி போட்டேன்.

பிறகு இங்கே வந்தேன். இங்கே திரை கிடையாது. ஒரே ஹால். வரிசையாகக் கட்டில். எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். யார் வீட்டில் கல்யாணம், யார் மகன் சவூதியிலிருந்து வந்திருக்கிறான் எல்லாம் தெரியும். சாவும் அப்படித்தான். ஜன்னலுக்கு நேரே பள்ளிவாசல். யார் போனாலும் மைக்கில் சொல்வார்கள். இன்ன தெரு, இன்னார் மகன் இன்னார் மவுத்தாகிவிட்டார், அடக்கம் இன்ன நேரம் என்று. சில நாள் அது முந்தாநாள் இந்த ஹாலில் படுத்திருந்தவர் பெயராக இருக்கும். படுத்திருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். மெஷின்கள் மட்டும் சுற்றும். அப்புறம் ஒவ்வொரு தலையாக அந்தக் கட்டில் பக்கம் திரும்பும். அதில் வேறு ஆள் படுத்திருப்பார். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இன்னொன்று. டிரஸ்டில் மெஷினுக்கும் பெயர் உண்டு. கொடுத்தவர்கள் யார் நினைவாகக் கொடுத்தார்களோ அவர் பெயரைக் கல்லில் வெட்டி, மெஷினுக்கு மேலே சுவரில் பதித்திருப்பார்கள். சில கல்லில் முகமும் உண்டு. பிழைக்க வந்தவன் செத்தவர் முகத்துக்குக் கீழேதான் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் முதல் நாள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிவிடும்.

நான் வந்து கொஞ்ச காலத்தில் ஏழாவது மெஷின் வந்தது. கல் பதிக்கிற அன்றைக்கு நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். துணியை எடுத்தார்கள். திசையன்விளை அண்ணாச்சி. கறுப்புக் கல்லில் வெள்ளையாக முகம். ஏசப் போகிற முகம். அன்பு மனைவி, மக்கள் என்று கீழே எழுதியிருந்தது.

ஹாலில் இடம் இல்லை. மூலையில் ஒரு இடம் ஒதுக்கி, தண்ணீர்க் குழாயை அங்கே வரைக்கும் இழுத்தார்கள். ஏழாவதோடு நிறுத்தவில்லை. அதைத் தாண்டியும் குழாயை நீட்டி மூடி போட்டு வைத்தார்கள். எட்டாவது மெஷினை யாராவது ஒரு நாள் தருவார்கள், அப்போது சுவரை உடைக்க வேண்டாமே என்று. தனியாரில் இப்படிச் செய்யமாட்டார்கள். மெஷின் வந்த பிறகுதான் குழாய். டிரஸ்டில் வராத ஆளுக்கும் இலை போட்டு வைப்பார்கள். நல்ல மனசில்தான் செய்தார்கள். யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை, எனக்கும்தான்.

முதலில் அதில் படுத்தவர் காதர் மாமா. தறி நெய்தவர். கையில் வெள்ளி மோதிரம். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் காலை நான் ஹாலின் அந்தக் கோடியில், ஏழாவதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலையாக இருந்தேன். பின்னால் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு.

"இந்தா வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

வாயில் வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. ஹாலே என்னைப் பார்த்தது. பிறகு கல்லைப் பார்த்தது.

போனேன். காதர் மாமா கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்து, மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். தட்டினீர்களா என்றேன். இல்லை என்றார். என்ன செய்கிறது என்றேன். ஒன்றும் இல்லை என்றார். குளிர்கிறதா என்றேன். அதற்கும் இல்லை என்றார். அடுத்த முறையும் சத்தம் கேட்டது. அடுத்த முறையும் ஒன்றும் இல்லை என்றார்.

மாசம் கழியவில்லை. மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். டாக்டர் இருதயம் என்றார். இருக்கலாம். அதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

அதற்குப் பிறகு ஏழாவதில் யாரும் படுக்கப் பிரியப்படவில்லை. பேய் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அங்கே வெயில் அடிக்கிறது என்றார்கள். டிவி தெரியவில்லை என்றார்கள். மறுக்க முடியாமல் படுத்தவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பாமல் படுத்தார்கள். அவர்களிடமும் சத்தம் கேட்டது. ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. போய்ப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

மிக்கேல் அண்ணன் மட்டும் சிரிப்பார். கடற்கரைக்காரர். மீன்பிடியில் இருந்தவர். மூன்றாம் கட்டில்.

"பலசரக்குக்காரருக்குப் பேயா அலைய நேரம் எங்க வே கிடைக்கும்? கடையை யாரு பாப்பா?"

யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர் விடமாட்டார். "எங்க வள்ளத்துக்கு எங்கப்பா பேரு. அவரு போன கடல்லதான் அது போவுது. பேருக்குப் பயந்தா நான் சோறு திங்க முடியுமா?" என்பார்.

மெஷின் வந்த பிறகு அண்ணாச்சியின் முதல் நினைவு நாள் வந்தது. வீட்டம்மா அன்றைக்கு வருகிறார் என்றார்கள். மெஷினுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். டிரஸ்டின் செயலாளர் பாய் முந்தின நாளே சொல்லிவிட்டார். கல்லைத் துடைக்க வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா கிடக்கிற மெஷினைக் கொடுத்தவருக்குக் காட்டக் கூடாது. எட்டாவதும் தருகிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

செயலாளர் பாய் கெட்டவர் இல்லை. தனியாரில் நாங்கள் படுத்திருக்கிறவருக்குப் பயந்தோம். டிரஸ்டில் கொடுக்கிறவருக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. அவர் அந்தப் பயத்தை எங்களுக்காகச் சுமந்தார்.

நினைவு நாள் காலையில் மைமூன் வந்தாள். பீடி சுற்றுகிற பிள்ளை. இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தாய். அவள் முறை அன்றைக்கு இல்லை. முந்தின முறை வரவில்லை. முகமும் காலும் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். தண்ணீர் நெஞ்சில் ஏறிவிட்டது. அவள் அண்ணன் ஆட்டோக்காரன். தூக்காத குறையாகக் கொண்டுவந்தான். உடனே மெஷினில் போடாவிட்டால் போய்விடுவாள். அதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

ஏழாவதுதான் காலி.

"அதுல வேண்டாம்ணே" என்றான் அண்ணன். "வேற எதுலயாவது போடுங்க."

எல்லாக் கட்டிலிலும் ஆள் இருந்தது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மைமூன்தான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள்.

"ஷைத்தானே வந்தாலும் சரி. போடுங்கண்ணே. பிள்ளைய ரெண்டும் சின்னது."

போட்டோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு இறங்கியது. செயலாளர் பாய் வந்து பார்த்தார். மெஷின் ஓடுகிறது, ஆள் படுத்திருக்கிறாள், அவருக்கும் மூச்சு வந்தது. வாசலுக்குப் போனார்.

நான் அன்றைக்கு அந்தப் பக்கமே நின்றேன். முதுகைக் காட்டவில்லை.

கேட்டது. என் கண் முன்னால் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. மைமூனின் அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். சத்தம் கல்லிலிருந்து வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து வந்தது. போர்வையை விலக்கினேன்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்துப் போகிற அளவுக்குப் பிடித்திருந்தாள். உடம்பு முழுக்க நடுக்கம். அது தெரியக் கூடாது என்று கம்பியை இறுக்கிப் பிடித்து அடக்குகிறாள். அடங்காமல் கை ஆடுகிறபோது வளையல் கம்பியில் மோதுகிறது. காதர் மாமாவின் வெள்ளி மோதிரம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"குளிருதாம்மா?"

தலையை இல்லை என்று ஆட்டினாள். பல் கிட்டியிருந்தது.

"பொய் சொல்லாத. எம்புட்டு நேரமா?"

"போட்டதுலருந்து." கண்ணில் தண்ணீர் வந்தது. "ஓசியில பாக்கிய. இதுல போய்க் குளிருது வலிக்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணே."

நான் மெஷினை நிறுத்தினேன்.

சிஸ்டர் டாக்டருக்கு போன் போட்டார். நிறுத்தியது சரி, இன்ன ஊசி போடுங்கள், நடுக்கம் நின்றதும் வேறு மெஷினில் மாற்றுங்கள் என்றார் டாக்டர். வேறு மெஷின் எங்கே இருக்கிறது? அதற்குள் செயலாளர் பாய் ஓடி வந்தார்.

"என்ன வே செய்தீரு? அந்தம்மா கார் பாலத்துக்கிட்ட வந்துட்டு. யாரைக் கேட்டு நிறுத்துனீரு? கமிட்டிக்கு என்ன பதில் சொல்ல?"

தனியாரில் என்றால் இந்தக் கேள்வி வந்திருக்காது. நிறுத்து என்று ஒருத்தர் சொல்வார், நிற்கும். ஆனால் தனியாரில் அந்த நேரத்தில் மைமூன் கட்டிலுக்கே வந்திருக்க மாட்டாள். கீழே பணம் கட்டுகிற கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

"கமிட்டிக்கு நான் சொல்லுதேன் பாய்" என்றேன். "இந்தப் பிள்ளைக்கு ஒரு மெஷின் வேணும். அதுக்கு என்ன பதில்?"

அவர் ஹாலைப் பார்த்தார். படுத்திருக்கிறவர்களிடம் எழுந்திருங்கள் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்னை இறக்குங்க வே. எனக்கு இன்னைக்கு மூச்சு இருக்கு. மிச்சத்துக்கு நாளைக்கு வாரேன்."

மிக்கேல் அண்ணனுக்கு இன்னும் பாதி நேரம் பாக்கி. உங்களுக்குத் தெரியும், பாதியில் இறங்குகிறவனுக்கு அன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று. அவருக்கும் தெரியும். சிஸ்டர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். இறக்கினோம். மெஷினைச் சுத்தம் செய்து மைமூனை மாற்றினோம். அந்த நேரம் முழுக்க அவள் அண்ணன் அவள் காலடியில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைவதை மட்டும் பார்த்தேன்.

அண்ணாச்சி வீட்டம்மா உள்ளே வந்தபோது ஏழாவது மெஷின் இருட்டாகக் கிடந்தது. கட்டில் காலி. போர்வை கசங்கியிருந்தது. கையில் பூ மாலையோடு அப்படியே நின்றார். சின்ன ரிப்பேர் என்றார் செயலாளர் பாய். அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஸ்டூலிலிருந்து பார்த்த அதே கண். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கண்ணிடம் ரிப்பேர் என்று சொல்ல என்னால் ஆகவில்லை.

சொன்னேன். இதில் படுக்கிறவர்களுக்கு நடுக்கம் வருகிறது. யாரும் வாய் திறக்கவில்லை. கம்பியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அண்ணாச்சி தட்டுகிற மாதிரியே கேட்கும். பயந்துகொண்டு இருந்துவிட்டோம்.

அவர் கல்லைப் பார்த்தார்.

"அவிய தட்டியும் ஒருத்தரும் வரலியா?"

அவ்வளவுதான் கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. செயலாளர் பாய் தலை குனிந்தார். ஹாலில் படுத்திருந்தவர்களும் கண்ணைத் தாழ்த்தினார்கள். என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. இப்போது எழுதும்போதும் ஊர்கிறது.

பிறகு மூன்றாம் கட்டிலுக்குப் போனார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டே மைமூன் தலையைத் தடவினார்.

"குளிருனா சத்தம் போடு தாயி. அவிய போடாத சத்தமா."

ஏழாவதை மூடி வைத்தோம். மெஷின் கம்பெனி ஆள் வந்தார். மெஷினில் குறை இல்லை என்றார். குழாயோடு நடந்து பார்த்தார். மூலையில் எட்டாவதுக்காக நீட்டி மூடி வைத்த துண்டின் முன்னால் நின்றார். கழற்றினார். வழுவழு என்று ஒன்று வடிந்தது. குளத்தின் அடிச்சேறு வாடை. போகிற வழி இல்லாமல் மாசக்கணக்கில் நின்ற தண்ணீர். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏழாவதுக்குத் திரும்பியிருக்கிறது. மெஷினுக்குப் போகிற தண்ணீர் கெட்டால் படுத்திருக்கிறவருக்கு நடுக்கம் வரும், உங்களுக்குத் தெரியும். பாளையங்கால்வாயில் கடைமடைத் தண்ணீர் பச்சையாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதேதான். யாரோ ஒருவர் தருவார் என்று காத்திருந்த குழாய். அதை வெட்டி எடுத்தோம். முழுக் குழாயையும் கழுவினோம். தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். சரியான பிறகுதான் ஏழாவதைத் திறந்தோம். முதலில் மிக்கேல் அண்ணன்தான் படுத்தார். நடுக்கம் இல்லை.

செயலாளர் பாய் எல்லாக் கட்டிலுக்கும் கூப்பிடு மணி வாங்கி மாட்டினார். ஒருத்தரும் அமுக்கவில்லை. ஓசியில் வந்து மணி அடிக்க அவர்களுக்குக் கூச்சம். ஆனால் ஒன்று நடந்தது. மைமூனுக்கு ஒரு நாள் கால் நரம்பு இழுத்தது. வாயைத் திறக்கவில்லை. வளையலால் கம்பியில் தட்டினாள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. நான் போய் நின்றதும், "நான் இல்லண்ணே, அண்ணாச்சிதான் கூப்பிடுதாவ" என்றாள். சிரிக்கவில்லை.

அதிலிருந்து எல்லாரும் அப்படித்தான். மோதிரம், வளையல், சாவி, கையில் எது இருக்கிறதோ அது. தனக்காகக் கேட்க வராது. அண்ணாச்சி கேட்டால் தப்பில்லை. தனியாரில் அவர் காசு கொடுத்து ஏசினார். இங்கே கொடுக்க வழியில்லாதவர்களுக்கெல்லாம் சேர்த்து ஏசுகிறார். எட்டாவது மெஷின் இன்னும் வரவில்லை. மைமூனின் மூத்தவள் இப்போது காலேஜ் போகிறாள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. நடுக்கத்தில் மோதுகிற கைக்கு இரண்டு, ஒன்று என்று கணக்கு கிடையாது. தாறுமாறாகத்தான் கேட்க வேண்டும். நான் கேட்டது அப்படி இல்லை. மிக்கேல் அண்ணனும் அப்படித்தான் கேட்டேன் என்றார். இதை நான் யாரிடமும் வாதாடியதில்லை.

காலையில் கதவைத் திறக்கிற முறை உங்களுக்கும் வரும். ஹாலில் யாரும் இருக்கமாட்டார்கள். விளக்கைப் போடுகிறதற்கு முன்னால், சில நாள், அந்த மூலையிலிருந்து கேட்கும். இரும்பு வெயிலுக்கு விரிகிறது என்பார் கம்பெனி ஆள். இருக்கலாம். நான் ஒவ்வொரு தடவையும் போய் நின்று, என்ன வேணும் அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

நீங்களும் போங்கள். காலிக் கட்டில்தானே என்று ஒரு நாள் இருந்துவிட்டால், ஆள் படுத்திருக்கிற அன்றைக்கும் கால் எழும்பாது. அப்புறம் அந்தப் பெயரை மைக்கில்தான் கேட்க வேண்டியிருக்கும்.